வீட்டு மீன் தொட்டி: வடிகட்டியும் நீரோட்டமும் தேர்ந்தெடுக்கும் முறை

நம் அங்கத்தினர்களின் இல்லங்கள் சிலவற்றில் இன்று கண்ணாடி மீன் தொட்டி இடம் பெற்றிருக்கிறது. பிள்ளைகளின் விருப்பத்திற்காக வாங்கியவர் பலர். கப்பி, மோலி முதலிய சிறு மீன்களைப் பெருக்கி விற்றால் உபவருமானம் கிட்டும் என்று எண்ணித் தொடங்கியவரும் உண்டு. அந்த எண்ணம் பிழையன்று. சென்னைக் கொளத்தூர் இவ்வணிகத்தால் பெயர் பெற்ற இடம். 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு இடமளிக்கப்பட்டது.

ஆயினும் தொடங்கியவர்களிற் பெரும்பாலோர் ஒரே துன்பத்தைக் கூறுகின்றனர். தொட்டி வைத்த இரண்டாம் வாரத்தில், நீர் தெளிவாகவே இருக்க, மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. கடைக்குச் சென்று வேறு மீன் வாங்குகிறார்கள், அவையும் மடிகின்றன. பிறகு, 'மோட்டார் போதவில்லை போலும்' என்று இன்னும் பெரிய சாதனம் வாங்குகிறார்கள். தறியிலும் வயலிலும் ஈட்டிய பணம் இவ்வாறு வீணாவதை நாம் கண்டிருக்கிறோம். வடிகட்டி என்பது யாது, அது செய்யும் வேலை யாது என்பதை அறியாமையே இவ்விழப்பிற்குக் காரணம். ஆகவே அதனை இப்பாடத்தில் முறையாகப் பயில்வோம்.

1. கண்மாயும் கண்ணாடித் தொட்டியும்

நம் புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களின் நாடு. கண்மாயில் மீன் வளர எந்தச் சாதனமும் வேண்டியதில்லை. பரந்த நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசிப் பிராணவாயுவைக் கலக்கிறது. அடியிலுள்ள சேறு கழிவை ஏற்றுக்கொள்கிறது. நீர்த்தாவரங்கள் அதனை உணவாகக் கொள்கின்றன. சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தாமரைத் தடாக ஓவியத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். தாமரையும் மீனும் பறவையும் யானையும் அங்கே ஒரே நீரில் கூடி வாழ்கின்றன. இயற்கைத் தடாகத்தில் ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாகிறது.

கண்ணாடித் தொட்டியிலோ நீர் சிறிது, மீன் மிகுதி, காற்றும் சேறும் இல்லை. 1850ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார், தங்கமீன், நத்தை, நீர்த்தாவரம் ஆகிய மூன்றையும் ஒரு கலத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவற்றைப் பல திங்கள் வாழச் செய்து காட்டினார். அவர் வைத்த மீன்கள் இரண்டே. நாம் இருபது மீன்களை இட விரும்புகிறோம். ஆகவேதான் சாதனத்தின் துணை வேண்டியதாகிறது.

நம் முன்னோர் கண்மாய்களில் அமைத்த குமிழித் தூம்பை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். அதில் நீரோடித் துளை மேலே இருக்கும். சேறோடித் துளைகள் கீழே இருக்கும். நீரைப் பாசனத்திற்குச் செலுத்துவது ஒரு வேலை. சேற்றை வெளியேற்றுவது மற்றொரு வேலை. இரண்டையும் தனித்தனியே அறிந்து ஒரே அமைப்பில் இணைத்தனர். மீன் தொட்டிச் சாதனம் வாங்குபவரும் இவ்வாறே வேலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

2. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீனின் கழிவு பெரும்பாலும் அதன் செவுள்கள் வழியே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. உண்ணாமல் எஞ்சிய தீனி அழுகும்போதும் அம்மோனியாவே தோன்றுகிறது. தொழுவத்திலும் யூரியா இட்ட வயலிலும் மூக்கைத் துளைக்கும் நெடி இதனுடையதே. தொட்டி நீரில் சிறு அளவில் இருக்கும்போது அதற்கு நிறமுமில்லை, நெடியும் புலப்படாது. ஆனால் அச்சிறு அளவே மீனைக் கொல்லப் போதுமானது. நீர் தெளிவாக இருந்தும் மீன் மடிவதன் காரணம் இதுவே.

இந்நஞ்சை மாற்றுவன ஒருவகை நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு கூட்டம் அதனை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டு மிகுந்தாலொழிய மீனுக்குத் தீங்கில்லை. பயிருக்கோ அது உரம். மண்ணில் எரு மட்கிப் பயிருக்கு உணவாகும் வேலையும் இதுவேயாதலால், விவசாய அங்கத்தினர்க்கு இது புதிதன்று. ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டை ஒட்டி இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுபவை பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் இனத்தைச் சேர்ந்தவை என்பது 1998ஆம் ஆண்டு ஆய்வில் வெளிப்பட்டது.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிபவையல்ல. ஸ்பாஞ்சு, கூழாங்கல், பீங்கான் வளையம் போன்றவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்பவை. அவை உயிர்வாழப் பிராணவாயு கலந்த நீர் இடையறாது அவற்றின்மேல் ஓட வேண்டும். அவை மெல்லவே பெருகும். புதிய தொட்டியில் போதிய அளவு நிலைபெற ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் மீன் மடிவது ஏன் என்பது இப்போது விளங்கும். வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் குடியிருப்போர் இன்னும் வந்து சேரவில்லை.

நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. அம்மோனியாவின் நஞ்சுத்தன்மை நீரின் காரத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. கார அமில நிலை 7இலிருந்து 8க்கு உயர்ந்தால், நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சோப்பு எளிதில் நுரைக்காத, காரம் மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். மேலும் 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே ஏற்கும். சித்திரை, வைகாசித் திங்களில் நஞ்சு கூடுகிறது, மூச்சுக்காற்றோ குறைகிறது.

3. வடிகட்டியின் வேலைகள்

இதுவரை கூறியவற்றால் வடிகட்டியின் வேலைகள் மூன்றென அறியலாம். முதலாவது, தூசியையும் எச்சத்தையும் தடுத்து நிறுத்துதல். இரண்டாவது, நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்களுக்குக் குடியிருப்பாதல். மூன்றாவது, நீரை அசைத்துப் பிராணவாயு கலக்கச் செய்தல். முதல் வேலை கண்ணுக்குப் புலப்படுவதால் மக்கள் அதனையே வடிகட்டி என எண்ணுகின்றனர். மீனின் உயிர் இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றியே நிற்கிறது. வடிகட்டியை வெறும் சல்லடையாகக் கருதாமல், உயிர்கள் வாழும் வீடாகக் கருதுவதே இப்பாடத்தின் சாரம்.

4. சாதன வகைகள்

ஸ்பாஞ்சு வடிகட்டி: காற்றுப் பம்பினால் இயங்குவது. காற்றுக் குமிழ்கள் குழாயில் மேலெழும்போது நீரையும் உடன் இழுக்கின்றன. அந்நீர் ஸ்பாஞ்சின் வழியே வருகிறது. விலை குறைவு, பழுதாகும் உறுப்புகள் சிலவே. இழுப்பு மென்மையானதாதலால் மீன்குஞ்சுகள் அகப்படுவதில்லை. ஒரே பம்பிலிருந்து கிளைக்குழாய்கள் வழியாகப் பல தொட்டிகளுக்குக் காற்றளிக்கலாம். ஆகவே குஞ்சு பெருக்கும் உபதொழிலுக்கு இதுவே ஏற்றது. தொட்டியினுள் இடம் பிடிப்பதும், பம்பின் ஓசையும் இதன் குறைகள்.

சரளை அடி வடிகட்டி: தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டை வைத்து அதன்மேல் சரளை பரப்புவது. சரளை முழுவதும் நுண்ணுயிர்களின் வீடாகிறது. ஆனால் கசடு அடியில் தங்கிவிடும். குழாயால் கசடை உறிஞ்சி எடுக்கச் சோம்புவோர் இதனை வாங்காதிருத்தல் நலம்.

உள்வடிகட்டியும் மேல்வடிகட்டியும்: சிறு மின்மோட்டாரால் இயங்குபவை. முன்னது நீரினுள் அமிழ்ந்திருக்கும். பின்னது தொட்டியின் மேல் தட்டுப்போல அமைந்து, நீரை மேலேற்றிப் பஞ்சின் வழியே வீழ்த்தும். நீர் விழுவதால் காற்றும் நன்கு கலக்கும். கழுவுவது எளிது. 2 அடி, 3 அடித் தொட்டிகளுக்கு மேல்வடிகட்டி போதுமானது. அதில் தரப்படும் மெல்லிய பஞ்சு தூசியைத் தடுக்குமேயன்றி நல்ல குடியிருப்பாகாது. அதனுடன் பீங்கான் வளையமோ கரடான ஸ்பாஞ்சோ சேர்த்து வைக்க வேண்டும்.

கேனிஸ்டர்: தொட்டிக்கு வெளியே மூடிய கலமாக வைப்பது. கொள்ளளவு மிகுதி, ஓசை குறைவு, விலை அதிகம். பெரிய தொட்டிக்குச் சிறந்தது. மூடிய கலமாதலின், மின்சாரம் சில மணி நேரம் நின்றால் உள்ளிருக்கும் நீரில் பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்நீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். நீண்ட நேரம் நின்றிருந்தால், கலத்து நீரைக் கொட்டிவிட்டே மீண்டும் இயக்க வேண்டும்.

5. நீரோட்டத்தைக் கணக்கிடுதல்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 2 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 56.6 லிட்டர். நீரை விளிம்புக்கு 2 அங்குலம் கீழே நிறுத்துகிறோம். சரளையும் சிறிது இடம் கொள்ளும். ஆக உண்மையான நீர் ஏறக்குறைய 45 லிட்டர்.

பொதுவாக ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் 4 முதல் 6 முறை வடிகட்டியின் வழியே சென்று வருதல் போதும். 5 முறை எனக் கொண்டால் மணிக்கு 225 லிட்டர். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை உயர்த்தாமலும் பஞ்சு அடைக்காமலும் இருக்கும் நிலையில் கூறப்படுவது. பம்பு ஏற்றக்கூடிய மிகுந்த உயரத்தில் பாதிக்கு நீரை ஏற்றினால், கிடைப்பது ஏறக்குறைய பாதியே. ஆகவே 450 லிட்டர் என அச்சிட்டதை வாங்கினால், நமக்கு வேண்டிய 225 கிடைக்கும்.

கிடைக்கிறதா என்று நாமே அளந்து பார்க்கலாம். கிணற்று மோட்டாரின் நீரளவை வாளி வைத்துப் பார்ப்பது போன்றதே இதுவும். வெளிவரும் நீரை ஒரு லிட்டர் குவளையில் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என எண்ணுக. 3600ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது தெரியும். 16 விநாடியில் நிறைந்தால் 225 லிட்டர். சில வாரங்களுக்குப் பின் 24 விநாடி ஆனால், ஓட்டம் 150 லிட்டராகக் குறைந்துவிட்டது. கழுவும் காலம் வந்ததென அறிக.

ஓட்டம் மிகுதியாவதும் நன்றன்று. எம்மீனை வளர்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்க. ஃபைட்டர், கௌராமி ஆகியவை, நம் கண்மாய் விராலும் குரவையும் போல, நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேரே உட்கொள்ளும் இயல்புடையவை. அவற்றிற்கும் தட்டையான உடலுள்ள ஏஞ்சல் மீனுக்கும் மெல்லிய ஓட்டமே உகந்தது. ஃபைட்டரின் நீண்ட துடுப்பு வேக ஓட்டத்தில் அலைக்கழிந்து சோர்வு தரும். தானியோ, பார்ப் இனங்கள் ஓட்டத்தை விரும்புபவை. தங்கமீன் மிகுந்த கழிவு விடுவது; அதற்குப் பெரிய தொட்டியும், கூடுதல் ஓட்டமும் வேண்டும். மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தால் ஓட்டம் மிகுதி என்றும், நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் பிராணவாயு குறைவு என்றும் ஐயுறுக.

6. மின்சாரமும் பாதுகாப்பும்

வடிகட்டி இரவும் பகலும் ஓட வேண்டிய சாதனம். இரவில் நிறுத்தி மின்சாரம் மிச்சம் பிடிப்பது பெரும் பிழை. 5 வாட் காற்றுப் பம்பு இரு திங்களுக்கு 7.2 அலகு மின்சாரம் கொள்ளும். 25 வாட் மோட்டார் 36 அலகு கொள்ளும். வாங்கும் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுக.

மின்சாரம் நிற்குங்கால் என் செய்வது என்பதையும் முன்னரே எண்ண வேண்டும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கரையைக் கடந்த கஜா புயலை நாம் மறக்கவியலாது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. அத்தகைய பேரிடர் அரிது. ஆயினும் சில மணி நேர மின்தடை அரிதன்று. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வைத்திருப்பது நன்று. அதுவும் இல்லையெனில், குவளையால் தொட்டி நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றுக. மின்சாரம் இல்லாதபோது தீனி இடாதீர்கள். நலமான வளர்ந்த மீன் சில நாள் தீனியின்றி இருக்கும். அழுகும் தீனியோடு இருக்கமாட்டாது.

காற்றுப் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே பம்பிற்குள் இறங்கிவிடும். மேலே வைக்க இடமில்லாவிடில் ஒருவழி அடைப்பான் பொருத்துக. மின்கம்பி செருகும் இடத்தினின்று சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறுமாறு அமைக்க; கம்பியில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவு தடுப்புச் சாதனம் வீட்டில் இருத்தல் அவசியம். நீரில் கையிடுமுன் இணைப்பைத் துண்டிக்கப் பிள்ளைகளுக்கும் பழக்குக.

7. பராமரிப்பும் உறை ஊற்றுதலும்

நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம். முதல் தொட்டி வைத்து மூன்று திங்கள் மீன்கள் நலமாயிருந்தன. ஸ்பாஞ்சு கறுத்திருப்பது கண்டு, குழாய் நீரில் வெளுக்கும்வரை கசக்கிக் கழுவி வைத்தோம். நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஐந்து மீன்கள் மடிந்தன. குடிநீரில் கிருமி போக்கச் சேர்க்கப்படும் குளோரின், நோய்க்கிருமியையும் நம் நுண்ணுயிரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. நாம் கழுவியெடுத்தது அழுக்கை மட்டுமன்று. தொட்டியைக் காத்துவந்த குடியிருப்பையே கழுவிவிட்டோம்.

ஆகவே ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிந்து அலசுக. இரண்டு ஸ்பாஞ்சு இருந்தால் ஒன்றை இந்த வாரமும் மற்றொன்றைச் சில வாரம் கழித்தும் அலசுக. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுக. நைட்ரேட்டை வடிகட்டி நீக்குவதில்லை. புதிதாக விடும் குழாய் நீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து, அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்த்து விடுக. எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டா. உப்போ மருந்தோ கலவாததாயின் மல்லிகைக்கும் கத்தரிக்கும் ஊற்றுக.

புதிய தொட்டிக்குக் காத்திருக்கும் காலத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. பால் தயிராவதற்கு அண்டை வீட்டில் உறை வாங்குகிறோமல்லவா? அதுபோல, நலமாக ஓடும் தொட்டியிலுள்ள பழைய ஸ்பாஞ்சின் ஒரு துண்டை வாங்கி, ஈரம் உலராமல் கொண்டுவந்து, நம் வடிகட்டியில் வைத்தால் நுண்ணுயிர்கள் விரைவிற் பெருகும். நோயும் இதன்வழிப் பரவக்கூடுமாதலால், ஒரு திங்களாக மீன் எதுவும் நோயுறாத தொட்டியிலிருந்தே பெறுக. உறை ஊற்றிய பின்னும் இரண்டு மூன்று மீன்களோடு தொடங்கிப் படிப்படியாகச் சேர்க்க வேண்டும். இந்த உறை எந்தக் கடையிலும் வாங்கும் பொருளன்று. ஓர் அங்கத்தினர் மற்றோர் அங்கத்தினர்க்குச் செலவின்றிக் கொடுக்கக் கூடியது. முன்னரே தொட்டி வைத்துத் தேறியவர்கள், புதிதாகத் தொடங்குவோர்க்கு இவ்வுதவியைச் செய்ய முன்வருவார்களாக.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நீர் தெளிவாயிருந்தும் புதிய தொட்டியில் மீன் மடிவது ஏன்?

2. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு எத்தனை லிட்டர்? விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நீர் நின்றால், மணிக்கு எத்தனை லிட்டர் ஓட்டம் வேண்டும்?

3. அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊரில் கேனிஸ்டர், ஸ்பாஞ்சு வடிகட்டி இவற்றுள் எதைத் தேர்வீர்? காரணம் கூறுக.

4. நம் சங்கத்தில் உறை கொடுக்கத் தக்க தொட்டி யார் யாரிடம் உள்ளது?